இரண்டு நாள் மூத்தவள்

எனக்குப் பயம் வந்தால் வயிற்றில்தான் வரும். சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அடிவயிறு பிசையும், உடனே பாத்ரூமைத் தேடி ஓடுவேன். அந்த ஏப்ரல் மாதம் முழுக்க எங்கள் வீட்டு பாத்ரூம் கதவைத் தட்டியே அண்ணனுக்குக் கை வீங்கியிருக்கும். ஜூனியர் இந்திய அணிக்கான உத்தேசப் பட்டியலில் என் பெயர் வந்திருந்தது. ஏதோ சந்தோஷத்தில் வயிறு கெட்டுவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

மெட்ராஸ் என்ற பெயர் மாறுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் நடந்த கதை இது. பெண்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்பதே தி. நகரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் "ரிங் வீசி ஆடுற டென்னிகாய்ட்தானே?" என்பார்கள். நான் லெக் ஸ்பின் போடுவேன். ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் அப்பாவுக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகியும் ஊர்ப்பேச்சு மாறாத மனிதர். குடம் வாங்க வருகிறவர்களிடம், "எம்மவ இந்தியாவுக்கு ஆடப் போறா, தெரியும்லா?" என்று ஆரம்பித்தால் அவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போக அரை மணி ஆகும். அப்பாவால் ஒரு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லவே முடியாது. எனக்கு அப்போது அதைவிடப் பெரிய ஆபத்து வேறு எதுவும் இல்லை.

காரணம், கிரிக்கெட் சங்கத்திலிருந்து வந்த ஒரு கடிதம். வயது வரம்பு பதினேழு. குறிப்பிட்ட வருடம் செப்டம்பர் ஒன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ் ஒன்று, கார்ப்பரேஷன் பிறப்புச் சான்றிதழ் ஒன்று, இரண்டும் கொண்டுவர வேண்டும். தேதி வேறுபட்டால் கார்ப்பரேஷன் தேதிதான் செல்லும். வீட்டில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள் மட்டும் அப்படி எழுதிக் கொடுத்து, பெற்றோர் கையெழுத்துடன் பள்ளிச் சான்றிதழை வைத்தால் போதும்.

பள்ளியில் என் பிறந்த தேதி சரியாக அந்த செப்டம்பர் ஒன்று. தப்பித்தேனடா சாமி என்று குதித்துக்கொண்டு அம்மாவிடம் போய்ப் பிறப்புச் சான்றிதழைக் கேட்டேன். அம்மா உளுந்து களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"அது எதுக்குட்டி இப்ப?"

"கேக்காங்கம்மா."

"பள்ளிக்கூடத்துல குடுத்தது இருக்குல்லா, அதக் குடு."

அம்மா அப்படிப் பேசியதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏற்கெனவே ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டு இருந்தது. கோயிலில் அர்ச்சனை செய்யும்போது அப்பா கூட வந்தால் என் நட்சத்திரம் உத்திராடம். அம்மாவும் நானும் மட்டும் போனால், குருக்களின் காதருகே குனிந்து அம்மா "மூலம்" என்பாள். சின்ன வயதில் எனக்கு இரண்டு நட்சத்திரம் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு விடாமல் நச்சரித்து விஷயத்தைக் கறந்தேன்.

நான் பிறந்தது ஆகஸ்ட் முப்பது, மூல நட்சத்திரம். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்பார்கள். மாமனாருக்கு ஆகாது, எவன் கட்டுவான்? ஒரு நாள் தள்ளிப் போடலாமென்றால் அது பூராடம். பூராடத்தில் நூலாடாது, தாலி தங்காது. அப்பா ஜோசியரைக் கூப்பிட்டு இன்னொரு நாளும் தள்ளி உத்திராடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஜாதகம் அப்படியே எழுதப்பட்டது. ஜாதகத்துக்குப் பொருந்த வேண்டும் என்று பள்ளியிலும் செப்டம்பர் ஒன்று. ஆனால் நர்ஸிங் ஹோம்காரர்கள் ஜாதகம் பார்க்காமல் உள்ள தேதியைக் கார்ப்பரேஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். சாமிக்கு முன்னால் பொய் சொல்ல அம்மாவுக்குத் துணிச்சல் இல்லை, அதனால் அவருக்கு மட்டும் மூலம்.

பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். ஆகஸ்ட் முப்பது. நான் இரண்டு நாள் மூத்தவள். எட்டு வயதிலிருந்து வெயிலில் கறுத்து, விரல் தோல் உரிய உரியப் பந்து சுழற்றியதெல்லாம் அந்த இரண்டு நாளில் போய்விடும். எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இன்னும் கண்ணால் காணாத ஒரு மாமனாரின் ஆயுளுக்காக என்னை அடகு வைத்துவிட்டாரே என்று பொருமினேன். கோபம் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த பயம் போகவே இல்லை.

படிவத்தில் "பிறந்த இடம்" என்ற கட்டத்தில் நான் எழுதினேன்: வீட்டில், சொந்த ஊரில். பிறப்புப் பதிவு: இல்லை. வரி கோணாமல் இருக்க ஸ்கேலை வைத்து அதன் மேல் எழுதினேன். அப்பாவிடம் கடையில், வியாபாரம் மும்முரமாக இருந்த நேரமாகப் பார்த்து நீட்டினேன். பில்லில் போடுவதுபோல் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் எழுதியது அம்மாவுக்கும் தெரியாது.

என் கீப்பரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவளும் அதே உத்தேசப் பட்டியலில் இருந்தாள். நொச்சிக்குப்பம். அவள் அம்மா ரோட்டோரம் மீன் விற்பவர். அப்பா ஞாயிறு தவறாமல் அவரிடம்தான் மீன் வாங்குவார், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே. அந்தப் பழக்கத்தில்தான் அவளும் நானும் சிநேகம் ஆனோம். கடற்கரை மணலில் பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தவளைச் சாந்தோம் பக்கத்து மைதானத்துக்கு இழுத்து வந்தது நான். நான் எடுத்த விக்கெட்டுகளில் பாதி அவள் செய்த ஸ்டம்பிங். ஆடுகிறவள் கிரீஸை விட்டுக் கால் வைத்தாள் என்றால் பெயில்ஸ் கீழே கிடக்கும். என்னைவிட அவள் நிச்சயமாகத் தேர்வாவாள் என்று எல்லாருக்கும் தெரியும்.

காகிதங்களைக் கொடுக்க இருவரும் சேர்ந்தே அபிராமபுரத்துக்குப் போனோம். எங்கள் சங்கத்தின் செயலாளர் அம்மாள் அங்கேதான் குடியிருந்தார். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நாங்கள் மேடம் என்போம். என் படிவத்தை மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஊர்லயா பொறந்தே? ஆத்துலயேவா?"

"ஆமா மேடம்."

"செப்டம்பர் ஒண்ணு. பொழச்சே போ. ஒரு நாள் முன்னாடின்னா வாசல்லயே நிறுத்தியிருப்பேன்." அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டு பாத்ரூம் எங்கே என்று கேட்கலாமா என்று கூட யோசித்தேன்.

அடுத்தது என் கீப்பருடைய காகிதம். மேடம் அதையே இரண்டு முறை பார்த்தார். "என்னடிம்மா இது? ஜூன் ஒண்ணுன்னா போட்டிருக்கு? அதே வருஷம். மூணு மாசம் ஜாஸ்தி."

"அது தப்பு மேடம்," என்றாள் அவள், பதறாமல். "ஸ்கூல்ல சேக்கறப்போ கையத் தலைக்கு மேல சுத்தி காதத் தொடுன்னாரு வாத்தியாரு. தொட்டேன். எனக்குக் கை நீளம். நாலு வயசுதான் ஆச்சு, அஞ்சுன்னு எழுதிட்டாரு. எங்க க்ளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான் பொறந்த நாளு. நான் பொறந்தது அதுக்கு அடுத்த வருசம், ஆடி அமாவாசைக்கு மறுநாளு. எங்கம்மாக்கு நல்லா ஞாபகம் கீது."

"பொறப்பு சர்ட்டிஃபிகேட்?"

"வூட்லதான் பொறந்தேன். பதியல."

நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் படிவத்தில் நான் பொய்யாக எழுதியதை அவள் உண்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது என்னை உள்ளே தள்ளியது, அவளை வெளியே தள்ளியது.

மேடம் கெட்டவர் இல்லை. ரொம்ப நேரம் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உத்தேசமா போட்ட தேதின்னு ஹெட்மாஸ்டர்ட்ட ஒரு லெட்டர் வாங்கிண்டு வா. அது மட்டும் போறாது. உங்க குடும்பத்தை அப்போலேர்ந்து தெரிஞ்ச மனுஷா யாராவது, கடையோ ஆபீஸோ வெச்சு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கறவாளா, நேர்ல வந்து எங்கிட்ட சொல்லிக் கையெழுத்துப் போடணும். திங்கக்கிழமை சாயந்தரத்துக்குள்ள. நான் எடுத்துண்டு போய்ப் பேசறேன்."

தெருவுக்கு வந்ததும் என் கீப்பர் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உங்கப்பா கீறாரே! கடை கீது, ஸ்டாம்ப் கீது. நான் வயித்துல இருக்கசொல்ல எங்கம்மா வயித்தத் தள்ளிக்கினு மீன் வித்துச்சாம். உன்ன இடுப்புல வெச்சிக்கினு வந்து உங்கப்பா மீன் வாங்குனாராம். எங்கம்மா இன்னும் சொல்லும். அவுரு சொன்னா முடிஞ்சிச்சு மேட்டரு."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. உலகத்திலேயே அவளுக்குச் சரியான சாட்சி என் அப்பாதான். கேட்டால் உடனே வருவார், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். வந்து மேடத்தின் கூடத்தில் உட்கார்ந்து, காபி வாங்கிக் குடித்து, ஆதியிலிருந்து ஆரம்பிப்பார். "எம்மவளுக்கும் இந்தப் புள்ளைக்கும் ஒரு வருசம் வித்தியாசம்மா. எம்மவ இங்க தி. நகர் நர்ஸிங் ஹோம்லதான் பொறந்தா. அன்னைக்கு ஒரு மழை பாருங்க, சைக்கிள் ரிக்‌ஷா கிடைக்காம..." என் பிறப்புக் கதையைக் கடைக்கு வருகிறவர்களுக்கே நூறு தடவை சொன்னவர். மேடம் கணக்கு டீச்சர். ஊரில் வீட்டில் பிறந்தவள் தி. நகர் நர்ஸிங் ஹோமில் எப்படிப் பிறந்தாள் என்று கேட்க அவருக்கு அரை நிமிடம் போதும். பொய்ப் படிவம் கொடுத்தவள் என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். ஆயுள் முழுக்க எங்கேயும் ஆட முடியாது. பேப்பரில் போடுவார்கள். நட்சத்திரமும் வெளியே வரும்.

"நான் கேக்கறேன்," என்றேன் அவளிடம்.

அன்று வியாழக்கிழமை. இரவு அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது நானும் எதிரில் உட்கார்ந்தேன். மோர் ஊற்றிக்கொள்ளும் வரை காத்திருந்தேன். கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கடைக்கே போனேன். "என்னட்டி, முகமெல்லாம் வெளிறிக் கெடக்கு?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். சனிக்கிழமை பட்டினப்பாக்கம் பஸ்ஸில் பயிற்சிக்குப் போகாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா மீன் வாங்கக் கிளம்பினார். அங்கே அவள் அம்மா நேரடியாகக் கேட்டுவிட்டால்? நல்ல வஞ்சிரம் அடையாறில் வந்திருக்கிறதாம், இன்றைக்கு அங்கே வாங்குங்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் திசை திருப்பினேன். மகள் ஆசைப்பட்டுக் கேட்டாளே என்று அவரும் அடையாறுக்கே போனார். மத்தியானம் அந்த மீனை அண்ணன் தட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

கேட்டுவிட வேண்டும் என்று நினைக்காத நேரமே இல்லை. அப்பாவிடம் படிவத்தில் எழுதியதைச் சொல்லி, என் பிறப்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த யோசனை அப்போதே வந்தது. ஆனால் அப்பா வாயைக் கட்டுவது ஆகிற காரியமா என்று அதையும் பயமே தின்றுவிட்டது. பயந்தவளுக்கு எந்த வழியைப் பார்த்தாலும் பாம்புதான் தெரியும். திங்கட்கிழமை மத்தியானம் அவள் ஹெட்மாஸ்டர் கடிதத்தோடு எங்கள் தெருமுனைக்கே வந்து நின்றாள்.

"அப்பா முடியாதுன்னுட்டாரு," என்றேன்.

"திட்டுனாரா உன்ன?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். "சரி வுடு. எனக்கோசரம் நீ ஏன் திட்டு வாங்கினு," என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை நான்காக மடித்துப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். வேறு யாரையாவது பிடித்திருப்பாள் என்று சாயந்தரம் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டாம்ப் வைத்த மனிதர்கள் அவளுக்கு யார் இருந்தார்கள்?

அடுத்து வந்த இறுதிப் பட்டியலில் என் பெயர் இருந்தது. கீப்பராக வேறு மாநிலத்துப் பெண். அதற்கு அடுத்த வருடம், அந்தச் சான்றிதழ்படி எந்த ஜூனியர் அணிக்கும் அவளுக்கு வயது தாண்டிவிட்டது. என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை, இன்றுவரை.

முகாம் பெங்களூரில். காலை வண்டிக்கு சென்ட்ரலில் அப்பாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். என்னைக் கொண்டுபோய் விட அவரும் வந்தார். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் கீப்பர் வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. நேராக அப்பாவிடம்தான் போனாள்.

"மாமா, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க. கையெழுத்துன்னா நாளைக்கு கோர்ட்டு கேஸுன்னு வருமோன்னு பயம் இருக்கும்தானே. எங்க நைனாகூட அதான் சொன்னாரு."

"எந்த..." என்று அப்பா வாயைத் திறந்தார். என் பக்கம் திரும்பினார். முப்பது வருடமாக முகத்தைப் பார்த்தே வாங்க வந்தவனா, வேடிக்கை பார்க்க வந்தவனா என்று சொல்கிறவர். என் முகத்தில் என்ன இருந்ததோ, அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

"ஆமா தாயி," என்றார். "முடியாமப் போச்சு."

"அவளத் திட்டாதீங்க மாமா. எனக்கோசரம் எவ்ளோ கெஞ்சியிருப்பான்னு எனக்குத் தெரியும்." அவள் என் கையைப் பிடித்து, "நல்லா போடு," என்றாள். வண்டி நகரும்வரை ஜன்னலோரம் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிளாட்பாரத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரம்பூர், வில்லிவாக்கம், ஆவடி எல்லாம் போனது. எந்நேரமும் பேசும் மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. திருவள்ளூர் தாண்டியதும் நானே எல்லாவற்றையும் சொன்னேன்: படிவத்தில் எழுதியது, மேடம் கேட்டது, அடையாறு மீன் வரைக்கும். அழுதேன். நீங்கள் அந்தத் தேதியை மாற்றாமல் இருந்தால் இதெல்லாம் வந்திருக்குமா என்று அந்த அழுகையிலும் அவரைக் குத்தினேன்.

அப்பா முழுவதையும் கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ரெண்டு நாளு நான் பண்ணுனது," என்றார். "இது நீ பண்ணுனது, ஏட்டி."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரக்கோணம் வந்தபோது எழுந்து மேலே இருந்த என் கிட் பையை எடுத்துக் கீழே வைத்தார். குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "எறங்குவமா? திரும்பிப் போயி அந்தம்மாகிட்ட உள்ளதச் சொல்லிருவோம். அந்தப் புள்ளைக்கு நான் கையெழுத்துப் போடுதேன். எடுக்காங்களோ எடுக்கலையோ, சொல்லிருவோம். நானும் கூட நிக்கேன், பயப்படாத."

வண்டி அங்கே இரண்டு மூன்று நிமிடம் நின்றது. டீ விற்கிறவர் ஜன்னலருகே வந்து கேட்டுவிட்டுப் போனார். அப்பா பையின் பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விசில் ஊதியது. அப்பா இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். வண்டி ஓட ஆரம்பித்த பிறகு, பையைத் தூக்கி மறுபடியும் மேலே வைத்தார்.